கம்பியைப் பிடித்த கை

பஸ் கண்டக்டர் சுடலைமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் நாக்கும் ஒரே காலையில் வேலையை விட்டுவிட்டன. இடது கைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் கம்பியைப் பிடித்துத் தொங்கியது அது. டிக்கெட் கிழித்துப் பேர் வாங்கியது வலது கை. இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் சோறு ஊட்டுவதும் இடது கையின் தலையில்தான் விழுந்தது.

"ரெண்டும் கூடிப் பேசி வேலைநிறுத்தம் பண்ணுதுங்க" என்று அது காதிடம் பொருமியது.

"அடப்பாவி! டாக்டர் சொன்னதை நான் கேட்டேனே" என்றது காது. "மூளையில இடப்பக்கம் ஒரு ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. வலது கைக்கும் பேச்சுக்கும் அந்த ஒரு குழாய்தான் பாசனம். வலப்பக்கம் அடைச்சிருந்தா நீதான் படுத்திருப்ப. ஆனா, ராகம் போட்டுப் பாடுறதுக்கு வலப்பக்கம் போதுமாம். அங்க ரத்தம் நல்லா ஓடுதாம்."

இடது கை விரல்களை மடக்கிக்கொண்டது.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் விசில் கேட்டது. 'தண்ணி' என்றுகூடச் சொல்ல வராத நாக்கு, பழக்க தோஷத்தில் ராகம் போட்டு இழுத்தது: "திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டியேய்ய்!"

காது கூத்தாடியது. இடது கை கட்டில் கம்பியில் தாளம் தட்டியது. தட்டிக்கொண்டே பக்கத்தில் பார்த்தால், வலது கையின் கட்டைவிரல் டிக்கெட் கிழிப்பதுபோல் நூலளவு அசைகிறது!

இடது கை பாய்ந்துபோய் அதைப் பிடித்துக்கொண்டது.

"அவசரமில்லண்ணே, மெதுவாக் கிழி. கோவில்பட்டி வர இன்னும் நேரமிருக்கு. கம்பியை நான் பிடிச்சிருக்கேன்."