இருபத்தொன்பது மணித்தியாலம்

ஒரு கிழமையாகப் பிலோமினா பேசாலை ஊருக்குள் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான். “ரொறொன்ரோவிலயிருந்து கொழும்புக்குப் பிளேன் எத்தினை மணித்தியாலம்?” பள்ளிக்கூட ரீச்சரிடமும் கேட்டாள், வான்காரனிடமும் கேட்டாள்.

குடல்புண் ஆறும்வரை கடலுக்குப் போகாமல் வீட்டில் கிடந்த அவள் புருசன் சூசைப்பிள்ளைக்கு நெஞ்சுக்குள் சந்தேகம் புகைந்தது. நெருப்பில்லாமல் புகையுமா?

“மகனை ஒளிச்சுக் கூப்பிடுறியோ? என்ரை வள்ளத்தை விக்கவோ?”

“ஐயோ, அவனை ஆர் கூப்பிட்டது? அவன் இப்ப வரேல்லை.”

பின்னேரம் கோயிலுக்கென்று அவள் புறப்பட, இவர் சைக்கிளில் பின்னால் போனார். அவள் கோயிலைத் தாண்டிச் சவப்பெட்டிக் கடைக்குள் நுழைந்தாள். இவர் கதவோரம் நின்று காதைக் கொடுத்தார்.

“பிளேன் இருபத்திரண்டு மணித்தியாலம், கொழும்பிலயிருந்து வான் ஏழு. பிள்ளை வந்து சேருமட்டும் உடம்பைப் பழுதாகாமல் வைச்சிருப்பியளோ, தம்பி?”

“மூண்டு நாள் வைக்கலாம், அக்கா. ஆர் செத்தது?”

“இன்னும் இல்லை. என்ரை மனுசனுக்கு டாக்குத்தர் ஒரு மாதந்தான் எண்டவர். அவருக்குக் குடல்புண் எண்டுதான் சொல்லியிருக்கிறம்.”

சூசைப்பிள்ளை சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பினார்.

அவள் வீடு வந்தபோது வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இருபத்திரண்டும் ஏழும் இருபத்தொன்பது. மகனை இப்பவே வெளிக்கிடச் சொல்லு. பெட்டிக்குள்ள கிடந்து நான் அவனோட என்னத்தைக் கதைக்கிறது?”