கரண்ட் வரைகிற மரம்

“கெட்டுப்போன அடுப்ப எல்லாரும் தூக்கிப் போடுறாங்க. நீ அதுக்குள்ள கீற எமன எடுத்துகினு வர்றியே” என்று ஜெனிட்டா போன வருடம் கேட்டாள். முதல் மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஆல்வின், “எமன் இல்ல, ரெண்டாயிரம் வோல்ட்டு. உன் கோவத்துக்கு இது கம்மிதான்” என்று சிரித்தான். அவன் கேட்ட ஸ்க்ரூடிரைவரை அவள் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது திருவிடந்தையில், அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்கிறது. அடுப்பிலிருந்து எடுத்த டிரான்ஸ்பார்மர் வண்டைப் போல முனகுகிறது. உப்புநீர் பூசிய பலகையில், அதன் வயர்களின் நுனியில் கவ்வியிருக்கும் இரண்டு கிளிப்புகளிலிருந்தும் நெருப்பு கிளைகிளையாக ஊர்ந்து, கருகிய மரம் ஒன்றை வரைகிறது. கடற்கரை விடுதி ஒன்று இப்படி ஆறு பலகைகள் கேட்டிருக்கிறது. ஆல்வின் சொல்லும்போது போடவும் அணைக்கவும் சுவிட்ச் அருகே நிற்பது ஜெனிட்டாவின் வேலை. திடீரென்று முனகல் நிற்கிறது. அவள் அணைத்துவிட்டாள் என்று நினைத்து அவன் இரண்டு கைகளாலும் கிளிப்புகளைப் பிடித்து நகர்த்துகிறான். அவள் அணைக்கவில்லை. தெருவுக்கே கரண்ட் போயிருக்கிறது. அவள் பாய்ந்து சுவிட்சைத் தட்டுகிறாள். அடுத்த மூச்சில் கரண்ட் திரும்பி, நின்றுபோன பக்கத்து வீட்டு மிக்சி தானாக உறுமுகிறது; அவன் கைகள் இன்னும் கிளிப்புகளில். ஆல்வின் இது எதையும் கவனிக்கவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு, “ம், போடு ஜெனி” என்கிறான்.

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுக்கிறாள்.

“போட மாட்டேன். ஒரு வருசமா கேக்கணும்னு நெனச்சிகினே கீறேன் ஆல்வின். இந்த வேலைய விட்டுடு.”