‘பா’ எழுத்து அட்டை

"பாஸ்போர்ட்டைக் காணோம். ஃப்ளைட்டுக்கு இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு."

வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்த கணவனிடம் மனைவி ஓர் அட்டையை நீட்டினாள். மேலே பெரிதாக ‘பா’. கீழே, பக்கத்துக்குப் பக்கம் பசை தடவி ஒட்டிய பாஸ்போர்ட்.

நாலு வயது மகள் சொன்னாள்: "மிஸ்தான் ‘பா’வுக்கு ஒரு பொருள் ஒட்டிட்டு வரச் சொன்னாங்கப்பா."

பல்லைக் கடித்துக்கொண்டு மிஸ்ஸுக்கு போன் போட்டான். "ஆறு மாச வெளிநாட்டு வேலை. உங்க ஹோம்வொர்க்கால எல்லாம் போச்சு மேடம்."

"‘பா’வா? அது போன மாசமே முடிஞ்சுதே சார். அன்னைக்கே உங்க பொண்ணு பால் டப்பா ஒட்டிட்டு வந்தாளே. இந்த வாரம் ஹோம்வொர்க்கே கிடையாது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். மகள் பசை பாட்டிலை நிதானமாக மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்போ நாளைக்கும் நீங்கதானே என்னை ஸ்கூல்ல விடுவீங்க?"