நாற்பத்தொரு வருடத்துக்கு முந்தைய தீர்ப்பு

அக்காவின் ஆறு வயது மகளை அந்தக் குழந்தையின் அப்பா வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் ஒன்பது மாதமாகிறது. வக்கீலான தம்பி, அந்த நாட்டு நீதிமன்றங்கள் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் பழைய தீர்ப்புகளில் இதேபோன்ற வழக்கு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் மதியம் ஒன்று அகப்பட்டது. நாற்பத்தொரு வருடத்துக்கு முன் வந்த தீர்ப்பு. அப்பா தூக்கிப்போன ஆறு வயதுப் பெண் குழந்தை. இடது காது சரியாகக் கேட்காது. வலது புருவத்தில் மூன்று தையல். அக்கா மகளுக்கும் அதே புருவத்தில் மூன்று தையல்தான். போடும்போது அவளை அமுக்கிப் பிடித்திருந்தவன் இவன்.

அம்மாவின் மனு தள்ளுபடி என்றிருந்தது. அதற்குக் கீழே குழந்தையின் வாக்குமூலம் மட்டும் தமிழில் இருந்தது.

“மாமா இப்போ இதப் படிச்சிட்டிருக்காரு. அம்மாகிட்ட சொல்ல வேணாம்னு சொல்லுங்க. அம்மா அழுவாங்க.”

அவன் இரண்டு முறை படித்தான். பிறகு பக்கத்தை மூடினான்.

“ஏதாவது கெடச்சுதாடா?” துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்.

“இன்னும் இல்லக்கா. தேடிட்டுதான் இருக்கேன்.”

அக்கா, மகளின் கவுன் ஒன்றை எடுத்து உதறி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“ஒன்பது மாசத்துல வளந்திருப்பாள்ல? இது அவளுக்குப் பத்துமாடா?”