ஜப்பான் துரை சிரித்த விதம்

"ஒரு ஆம்லெட்டுக்கு ஒரு வார்த்தை. அதுக்கு மேல கேட்டா ரெண்டு ஆம்லெட்."

ஹெட்கிளார்க் செல்லத்துரை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார். பங்களா சமையல்காரர் பாஸ்கல் தலையாட்டினார்.

எஸ்டேட் ஆபீசே சிரித்தது. ஐம்பத்தைந்து வயதில், சொந்தப் பெயரையே எழுத்துக் கூட்டி எழுதுகிற ஆள், ஜப்பான் பாஷை படிக்கிறாராம்!

விஷயம் இதுதான். தேயிலை ஃபேக்டரியில் புது மிஷின் பூட்ட ஜப்பானிலிருந்து இனாபா என்று ஒருவர் வந்திருந்தார். எழுபத்துமூணாம் வருஷ ஆடி மழையில் காய்ச்சல் கண்டு பங்களாவிலேயே இறந்துபோனார். இப்போது அவருடைய அம்மா வருகிறார், மகன் இருந்த இடத்தை ஒரு தடவை பார்க்க. ஜப்பான் பாஷையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அவரை வரவேற்றுப் பேசும் பொறுப்பை மானேஜர் செல்லத்துரையிடம் ஒப்படைத்தார். இனாபாவின் பெட்டியில் கிடந்த இங்கிலீஷ் - ஜப்பான் புத்தகம் கையில் வந்ததிலிருந்து செல்லத்துரைக்குத் தலைகால் புரியவில்லை. பி.ஏ. பாதியில் விட்டவர் வேறு.

"சரி, என்ன வார்த்தை வேணும்?"

"ஒருத்தரு சாப்பிடுற விதத்தைச் சொல்லணும்யா. இப்படித்தான் சாப்பிடுவாருன்னு."

செல்லத்துரை புத்தகத்தைப் புரட்டினார். "தாபெகத்தா. செய்யிற காரியத்தைச் சொல்லி, பின்னால 'கத்தா' சேர்த்தா, அதைச் செய்யிற விதம். மண்டையில ஏறுதா?"

"ஏறுதுய்யா. அப்ப சிரிக்கிற விதம்?"

"அது நாளைக்கு. ஆம்லெட்டுல வெங்காயம் கொஞ்சம் கூடப் போடு."

மறுநாள் சிரிக்கிற விதம். அதற்கு மறுநாள் நடக்கிற விதம். நாலாம் நாள் தூங்குகிற விதம். அதோடு பாஸ்கல் படிப்பை முடித்துக்கொண்டார்.

"முதல்ல வணக்கம் சொல்லக் கத்துக்கய்யா!" என்று டைப்பிஸ்ட் ஏசுதாஸ் கிண்டலடித்தான்.

"அதை ஐயா சொல்லிருவாருல்ல."

"எல்லாம் எதுக்குன்னு தெரியாதா?" ஏசுதாஸ் பாஸ்கலைக் காட்டி மற்றவர்களிடம் சொன்னான். "அந்தம்மா டிரான்சிஸ்டர், வாட்ச்சு ஏதாச்சும் தரும்னு நாக்கைத் தொங்கப் போட்டுட்டு அலையிறாரு."

பாஸ்கல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை அந்த அம்மா வந்தார். ஒடுங்கிய உடம்பு, நரைத்த தலை. செல்லத்துரை கோட்டு மாட்டிக்கொண்டு பதினோரு வரிகளைத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார். அதில் ஒரு வரி, 'உங்கள் மகனை எங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பார்த்துக்கொண்டோம்' என்பது. எப்படித்தான் வாய் வந்ததோ.

அந்த அம்மா குனிந்து வணங்கினார். அவ்வளவுதான். மகன் இருந்த அறைக்குள் போய், சுவரையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டு நின்றார். மானேஜர் செல்லத்துரையைப் பார்த்தார். செல்லத்துரையிடம் பன்னிரண்டாவது வரி இல்லை.

அப்போது பாஸ்கல் முன்னால் வந்தார்.

"தாபெகத்தா" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, ரசத்தைச் சர்ரென்று உறிஞ்சினார். காரம் ஏறி, இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"வராய்கத்தா." பாஸ்கல் தலையைப் பின்னால் சாய்த்து, சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்து, கடைசியில் ஒரு விக்கல் விக்கினார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். அதே மாதிரி, தோள் குலுங்க.

"அருகிகத்தா." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா கட்டிலைத் தடவினார். பாஸ்கலைப் பார்த்து மெல்ல ஏதோ கேட்டார். 'கத்தா' என்று முடிந்தது. மகன் செத்த கட்டிலைத் தொட்டுக்கொண்டு ஒரு தாய் என்ன கேட்பாள் என்பதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

செல்லத்துரைக்குக் குப்பென்று வியர்த்தது.

காய்ச்சல் முற்றிய அன்றைக்கு மானேஜர் கொச்சியில் இருந்தார். இனாபா காலையிலிருந்து கட்டிலில் புரண்டு துடித்தார். ஜீப் இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. எஸ்டேட்டின் ஒரே ஜீப், உரம் ஏற்றப் போகிறது என்று செல்லத்துரை நோட்டில் எழுதிவைக்க, அவருடைய அக்கா பேரனுக்குக் காதுகுத்த போடிக்குப் போயிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூவும் பழமுமாகத் திரும்பியது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பகல் முழுக்க அந்த மனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் பாஸ்கல் ஒருவர்தான்.

இப்போது அதை மானேஜர் முன்னாலேயே நடித்துக் காட்டப்போகிறார்!

பாஸ்கல் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"நெகத்தா" என்றார்.

தரையில் ஒருக்களித்துப் படுத்தார். இரண்டு கையையும் கன்னத்துக்குக் கீழே கொடுத்து, முழங்காலை மடக்கி, கண்ணை மூடினார். பால் குடித்த பிள்ளை மாதிரி மெதுவாக மூச்சு விட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அந்த அம்மா பக்கத்தில் மண்டியிட்டு, பாஸ்கலின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கார் கிளம்பியதும் செல்லத்துரை குசினிக்கு ஓடினார்.

"பாஸ்கலு, என் மானத்தைக் காப்பாத்திட்டய்யா! என்ன வேணும் கேளு, செய்றேன்."

பாஸ்கல் அடுப்பிலிருந்து நிமிரவில்லை.

"உங்களுக்காகப் பொய் சொல்லலய்யா. நடந்ததைச் சொல்லியிருந்தா, நீங்க ரெண்டு நாள்ல மறந்துட்டுத் தூங்கிருவீங்க. அந்தத் தாயி தூங்குமா?"