தகுதியில்லாத சண்டை

ஓய்வுபெற்ற துணைச் செயலர் ஜெயகிருஷ்ணன் தில்லி ஆர்.கே.புரம் வீட்டில் உட்கார்ந்து, இணையக் கலைக்களஞ்சியத்தின் தன்னார்வ நிர்வாகியாகத் தீர்ப்பு எழுதினார்: "ஒரே சிப்பாய் இறந்த பனிமலை மோதல். தனிக் கட்டுரைக்குத் தகுதியில்லை. நீக்குக."

அதைப் படித்துவிட்டு மாடிவீட்டுப் பட்டு மாமி இறங்கி வந்து கத்தினாள். "அந்த ஒருத்தன் என் பிள்ளை ப்ரசன்னா! அவன் பேர் அங்க மட்டும்தான் இருக்கு. அதையும் அழிச்சா, அவன் செத்ததே பொய்யா?"

"உறவுக்காரா சொல்றது ஆதாரமாகாது, மாமி."

நீக்கியும்விட்டார்.

மறுநாள் மே மாத வெயிலில் அழைப்புமணி அடித்தது. பூட்ஸில் உருகாத பனியோடு ப்ரசன்னா நின்றான். "அங்கிள், நான் அங்க இருந்தேன்."

ஜெயகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அச்சா. ஆனா நேர்ல பார்த்தவா சாட்சியும் செல்லாதுப்பா."

ப்ரசன்னா விலகி வழிவிட்டான். அவர் இதுவரை நீக்கிய சண்டைகளின் சிப்பாய்கள் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். வரிசையின் கடைசி ஆள் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் நின்றான்.