நீலம் பாரித்த கை

“எண்பத்து மூணு வயசுக் கிழவியைப் போய்க் கிள்ளுறீங்களே, வெக்கமா இல்ல?”

காவலர் மிசுஹோ போட்ட சத்தத்தில் அந்தப் பெண்கள் சிறையின் தாழ்வாரமே கப்சிப் என்றாகிவிட்டது.

யாசுயோ தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். எழுபத்தோரு வயது. கடையில் திருடி மூன்றாவது தடவையாக உள்ளே வந்தவள்.

“தப்புதான், டீச்சர்.”

அங்கே கைதிகள் காவலர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும். இந்த டீச்சருக்கு வயது இருபத்தெட்டு.

கிள்ளு வாங்கிய தோமிக் கிழவியோ, பக்கத்தில் நின்று தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். நேற்று குளிக்கும்போது நர்ஸ்தான் அவள் இடது கையைப் பார்த்துப் பதறினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீல நீலமாகக் கன்றியிருந்தது.

“ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுற உடம்பு இது. லேசா அழுத்தினாலே கன்னிப்போயிடும். எந்தப் பாவி பண்ணின வேலை?”

பாவி யாரென்று இன்று காலை ஆள் கணக்கெடுக்கும்போது தெரிந்துவிட்டது. வரிசையில் ஒவ்வொருத்தியும் தன் நம்பரைச் சொல்லிக்கொண்டு வர, யாசுயோவின் கை தோமியின் சட்டைக் கைக்குள் இருந்ததை மிசுஹோ தன் கண்ணாலேயே பார்த்தாள்.

“அடுத்த வாரம் உங்களுக்கு பரோல். பத்து வருஷமா முகம் குடுத்துப் பேசாத மக, கூட்டிட்டுப் போறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கா. நான் இதை எழுதிக் குடுத்தா எல்லாம் போச்சு. தெரியுமில்ல?”

யாசுயோ மெல்லத் தலையாட்டினாள்.

“தெரியும், டீச்சர்.”

“அப்பக் காரணத்தைச் சொல்லுங்க!”

அவள் தோமியை ஒரு பார்வை பார்த்தாள்.

“பிடிக்கல. கிள்ளினேன்.”

என்ன நெஞ்சழுத்தம்! மிசுஹோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தனியறையில் அடைத்துவிட்டு, புகாரை விலாவாரியாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கணக்கெடுக்கத் தலைமைக் காவலர் இவாசாகியே வந்தார். கறாரான பெண்மணி. நம்பர் சொல்லத் தெரியாமல் முழிப்பவர்களை அங்கேயே குறித்துக்கொள்வார். அப்புறம் மறதி நோய் என்று எங்கோ தூரத்தில் இருக்கும் மருத்துவச் சிறைக்கு மாற்றிவிடுவார்கள். போன குளிர்காலத்தில் அப்படிப் போனவளை இன்றுவரை ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை.

தோமியைப் பார்க்க இங்கேயாவது ஓர் ஆள் உண்டு. அவள் புருஷன், எண்பத்தாறு வயது. மாதம் தவறாமல் ரெண்டு பஸ் மாறி வந்துவிடுவார். அதைவிடத் தூரம் போக அவர் உடம்பு தாங்காது.

“நம்பர்!” என்றார் இவாசாகி.

ஒவ்வொருத்தியாகச் சொல்லி வந்தார்கள். தோமியின் முறை.

தோமி முழித்தாள்.

“உங்களைத்தான். நம்பர்!”

தோமி பக்கத்தில் திரும்பினாள். யாசுயோ நிற்கும் இடம் காலியாக இருந்தது. இருந்தாலும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அந்தக் காலி இடத்தை நோக்கிக் கையை நீட்டினாள். பிடிக்க யாருமில்லை என்றதும் குழம்பிப்போய், எதிரே நின்ற மிசுஹோவிடம் நீட்டினாள், ஊசி போட்டுக்கொள்ளக் காட்டுவதுபோல.

மிசுஹோ அந்தக் கையைப் பார்த்தாள்.

மணிக்கட்டுப் பக்கம் மூன்று நீலம். கொஞ்சம் இடம் விட்டு நாலு. முழங்கை ஓரமாக ரெண்டு.

தோமியின் நம்பர் 342.

மிசுஹோவின் பார்வை யாசுயோவின் காலி இடத்துக்குப் போனது. அடப்பாவி மனுஷி, இதையா சொல்லாமல் விழுங்கினாய்!

இவாசாகி பேனா மூடியைக் கழற்றினார்.

“சட்டையை ஒழுங்கா விடுங்க!” என்று அதட்டிக்கொண்டே மிசுஹோ முன்னால் போனாள். சட்டைக் கையை இழுத்துவிடும் சாக்கில், விரலை உள்ளே விட்டு நோகாமல் தொட்டாள். மூன்று தடவை. நாலு தடவை. ரெண்டு தடவை.

“மூணு, நாலு, ரெண்டு!” பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கத்தினாள் தோமி.

இவாசாகி பேனாவை மூடினார்.

“சரி. யாசுயோ மேல புகார் இருக்குன்னியே, எங்க?”

மிசுஹோ சட்டைப் பையில் கை விட்டு, உள்ளேயே அந்தத் தாளைக் கசக்கினாள்.

“இல்ல மேடம். நான்தான் தப்பாப் பாத்துட்டேன்.”